கட்டிக்குக் காது அதிகம்

மே 12

தேவசகாயம் மகள் கல்யாண வரவேற்பு. குழாய் நான்கு, பாக்ஸ் இரண்டு, மைக் இரண்டு. குரல்: நான்.

இந்த டைரி சிமெண்டுக் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்தது. எந்த வீட்டு விசேஷத்துக்கு எத்தனை குழாய் ஸ்பீக்கர் கட்டினோம், எந்த வயரை எலி கடித்தது என்று எழுதத்தான் வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் 'ஸ்டெல்லா சவுண்ட் சர்வீஸ், புன்னைத்துறை' என்று ரப்பர் ஸ்டாம்பும் குத்தியிருக்கிறேன். இன்றைக்கு மட்டும் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத ஒரு வரி. வலது மார்பில் ஒரு கட்டி. போன வாரம் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. பயமும் இல்லை.

மே 14

வேலை இல்லை. வயர் சுற்றினேன். சுற்றியதை அவிழ்த்து மறுபடியும் சுற்றினேன்.

சாயங்காலம் இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். இவர் என்றால் தொபியாஸ், என் வீட்டுக்காரர். கம்பம், ஏணி, வயர், ஆம்ப்ளிபயர் எல்லாம் அவர் பொறுப்பு. மைக்கில் பேசுவது என் பொறுப்பு. அவருக்கு வாய் திக்கும். பாடச் சொன்னால் கோவிலில் கணீரென்று பாடுவார், பேச்சு மட்டும் முதல் எழுத்திலேயே நின்றுவிடும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆம்ப்ளிபயர் மூன்று இருக்கின்றன.

கேட்டுவிட்டுக் கையிலிருந்த டெஸ்டரைக் கீழே வைத்தார்.

"ஆ... ஆ... ஆ..."

"ஆஸ்பத்திரியா?"

தலையாட்டினார். இருபத்திரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கிறது. அவர் ஒரு வார்த்தையைத் தொடங்குவார், நான் முடித்துவைப்பேன். இரண்டு பேருக்கும் நேரம் மிச்சம்.

மே 17

திருநெல்வேலி. ஸ்கேன், பிறகு ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். கட்டி நாலு சென்டிமீட்டராம். எனக்குச் சென்டிமீட்டர் சரிப்படாது. மைக் தலையில் முக்கால் என்று வைத்துக்கொள்கிறேன்.

திரும்பும் வழியில் இவர் இரண்டு சர்பத் வாங்கினார். இரண்டையும் நானே குடித்தேன்.

மே 25

கேன்சர்தான்.

பூவண்ணன் வீட்டுப் புதுமனை விழாவுக்கு இரண்டு குழாய் கட்ட வேண்டும். கட்டினோம். குரல்: நான். சத்தம் நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

இவரிடம் சொல்லிவிட்டேன்: ஊருக்கு ஒரு சொல் தெரியக்கூடாது. தெரிந்தால் அனுதாபம் காட்டவென்றே வந்து உட்கார்ந்துகொள்வார்கள், அவர்களுக்கு டீ போட்டே நான் பாதியாகிவிடுவேன். என் நாத்தனார் மரியதங்கத்திடம் மட்டும் சொல்லலாம். மைனி என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கு மீன் வியாபாரம். நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறாள், மறைக்க முடியாது.

மே 28

டாக்டர் பெயர் ஹசீனா. என்னைவிடப் பத்து வயது சின்னவர். சிரித்த முகம், கோழிக் கிறுக்கல் கையெழுத்து. ஒரு தாளை எடுத்து வட்டம் ஒன்று வரைந்தார்.

"இதுதான்மா ஒரு செல். இதோட மேல்பக்கம் சின்னச் சின்னதாக் காது மாதிரி இருக்கும். வெளியில இருந்து 'வளரு'ன்னு தகவல் வந்தா, அந்தக் காது பிடிச்சு உள்ள அனுப்பும்."

"அப்ப மைக்குன்னு சொல்லுங்க டாக்டர்."

பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் தொழிலைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் காது என்று சொல்லவே இல்லை.

மைக்கிலிருந்து தகவல் உள்ளே போகிறது. உள்ளே ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிக் கைமாறி செல்லின் நடுவில் இருக்கிற கரு வரைக்கும் போய்ச் சேருகிறது. டாக்டர் அம்புக்குறி போட்டு ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதினார். எல்லாம் லாரி நம்பர் பிளேட் போல எழுத்தும் எண்ணுமாக இருந்தது. பெயர்களை விட்டுவிட்டேன், வழியை மட்டும் பிடித்துக்கொண்டேன். வழி இரண்டு. ஒரு வழியில் போகும் தகவல் 'பிரிந்து பெருகு' என்கிறது. இன்னொரு வழியில் போவது 'சாகாதே' என்கிறது. இரண்டாவது நல்ல வார்த்தைதான். கேட்கக்கூடாத ஆள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது, அதுதான் தொல்லை.

"நல்ல செல்லுக்கும் இந்த மைக் உண்டும்மா. அளவா இருக்கும். தகவல் வந்தாக் கேக்கும், வேலை முடிஞ்சா அணைஞ்சிரும். சில கேன்சர்ல இது பத்து மடங்கு, இருபது மடங்கு முளைச்சிருக்கும். அப்ப வெளியில இருந்து யாரும் எதுவும் சொல்லவே வேண்டாம்."

"ஒண்ணோட ஒண்ணு சேந்துகிட்டுத் தானாவே கூவும்" என்றேன்.

"ஆமா! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியாமல் இருக்கும்? போன வருஷம் அரசியல் கூட்டத்தில் ஒரே மேடையில் பதினோரு மைக் வைக்கச் சொன்னார்கள். தலைவர் வருவதற்கு முன்னாலேயே மேடை 'கூய்ய்ய்' என்று ஊளையிட்டது. பேச ஆளில்லாத மேடை. நாய்கள் எல்லாம் ஓடின.

இப்போது கேள்வி, என் கட்டி அந்த வகையா என்பது. முதல் பரிசோதனையில் 'இரண்டு பிளஸ்' என்று வந்திருக்கிறது. பாஸா ஃபெயிலா என்று கேட்டேன். மூன்று என்றால் மைக் அதிகம், பூஜ்யம் ஒன்று என்றால் அதிகமில்லை, இரண்டு என்றால் சொல்வதற்கில்லையாம். அதிகம் என்றால் அந்த மைக்கை மட்டும் தேடிப் போய் மூடுகிற மருந்து ஒன்று இருக்கிறது. இல்லையென்றால் அந்த மருந்து எனக்கு உதவாது.

"ஃபிஷ் பண்ணிப் பாத்துரலாம். லேப்ல பிளாக்கை மட்டும் கொண்டுவந்து குடுத்திருங்க."

இது புரியவில்லை. மைக்கை வைத்து அவ்வளவு பெருமையடித்த பிறகு புரியவில்லை என்று எப்படிக் கேட்பது? "சரி டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மே 30

மைனியிடம் கேட்டேன். அவள் வாயில் நான் 'அக்சி'. மீன் விஷயம் என்றால் அவளைத்தானே கேட்க வேண்டும்.

"மீன் டெஸ்டா? ஏளா அக்சி, அது கடக்கரை ஆளுவளுக்கு எடுக்கதா இருக்கும். தின்ன மீனுல ஏதும் விஷம் கெடந்துச்சான்னு பாப்பாவ."

"பிளாக்குன்னா மைனி?"

"ஐஸ் பிளாக்குதாம்ட்டி. மீனு கெட்டுப்போச்சுன்னா டெஸ்டு தப்பா வந்துராதா?"

நியாயமாகத்தான் பட்டது. இவர் மட்டும் "இ... இ..." என்று ஏதோ சொல்ல வந்தார். "இறால் வேண்டாம், டாக்டர் மீன்தான் சொன்னாங்க" என்று முடித்துவைத்தேன்.

ஜூன் 1

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதாவிட்டால் மைனி தன் இஷ்டத்துக்கு மாற்றிச் சொல்லிவிடுவாள்.

காலை ஏலத்தில் மைனி மூன்றரைக் கிலோவில் ஒரு விளமீன் எடுத்தாள். தெர்மாகோல் பெட்டி, மேலும் கீழும் ஐஸ். பஸ்ஸில் என் மடியில் வைத்துத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனேன். லேப் கவுண்டரில் இருந்த பெண், "ஃபிஷ்ஷுக்கா? பிளாக் கொண்டுவந்திருக்கீங்களா?" என்று கேட்டாள். கொண்டுவந்திருக்கிறோம் என்று பெட்டியைத் தூக்கி மேலே வைத்துத் திறந்தேன்.

அந்தப் பெண் மீனைப் பார்த்தாள். மீனும் அவளைப் பார்த்தது. பிறகு அவள் உள்ளே ஓடிப்போய் இரண்டு பேரைக் கூட்டிவந்தாள். அவர்கள் இன்னும் மூன்று பேரைக் கூட்டிவந்தார்கள். யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. அதற்கு அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

பிளாக் என்பது என் சதைதான். ஊசி போட்டு எடுத்ததை மெழுகில் பதித்துச் சின்னக் கட்டியாக முன்னே போன லேப்பில் வைத்திருக்கிறார்கள். ஃபிஷ் என்பது ஆங்கிலத்தில் ஒரு நீளமான பெயரின் முதலெழுத்துகள். சாயம் ஏற்றி, செல்லின் கருவுக்குள் அந்த மைக்கின் வரைபடம் எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணுவார்களாம். முன்னே போன லேப் அன்றைக்கு விடுமுறை என்று பூட்டிக் கிடந்தது. இவர் அதன் வாசலில் நின்று என்னைப் பார்த்தார்.

"இ... இது... மீ..."

"மீன் இல்லைன்னு அன்னைக்கே சொல்ல வந்தீங்களா?"

தலையாட்டினார். அன்றைக்கு என்னை முடிக்கவிடாமல் இருந்திருக்கலாம். இல்லை, நான் முடிக்காமல் இருந்திருக்கலாம்.

மீனை லேப்காரர்களே வைத்துக்கொண்டார்கள். மைனியிடம் ஒன்றுதான் கேட்டேன்: ஏலத்தில் எல்லோரையும் தாண்டி அந்த மீனை எப்படி எடுத்தீர்கள், காரணம் ஏதும் சொன்னீர்களா?

"நான் எதுக்குளா சொல்லப்போறேன்" என்றாள், கத்தியைத் தீட்டிக்கொண்டே.

ஜூன் 3

பிளாக்கை வாங்கி லேப்பில் கொடுத்தாயிற்று. பத்து நாள் ஆகும்.

ஜூன் 5

வயர் சுற்றினேன்.

ஜூன் 6

வயர் சுற்றினேன். இவர் என் கையிலிருந்து வயரை வாங்கி வைத்துவிட்டு முருங்கைக்கீரையைக் கொடுத்தார். அதை ஆய்ந்தேன். ஒரு காம்புகூட விடாமல் ஆய்ந்தேன்.

ஜூன் 12

ரிப்போர்ட் வந்தது. எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் ஒரு வார்த்தையை எங்கே பார்த்தாலும் வாசிப்பேன், இருபத்திரண்டு வருஷமாகப் பெட்டிக்குப் பெட்டி துடைத்துவைக்கிற வார்த்தை. கடைசி வரியில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'ஆம்ப்ளிபைடு'.

"ஆம்ப்ளிபை ஆயிருக்குங்க!" என்று ஆஸ்பத்திரி நடையிலேயே கத்திவிட்டேன். மைக்கில் கத்திப் பழகிய தொண்டை. பக்கத்தில் இருந்தவர்கள் பரீட்சை முடிவு என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருவர் கைகூடக் கொடுத்தார்.

டாக்டர் ஹசீனா நிதானமாகச் சொன்னார். இது கொஞ்சம் முரட்டு வகைதான், வேகமாக வளரும். ஆனால் இதற்கென்றே மருந்து இருக்கிறது. முதலில் ஆறு தடவை, மூன்று வாரத்துக்கு ஒன்று, கீமோவும் அந்த மருந்தும் சேர்த்து. கட்டியைச் சுருக்கிவிட்டு அப்புறம் ஆபரேஷன். மருந்து ஒவ்வொரு மைக்கின் மேலும் போய் உட்கார்ந்து மூடிவிடுமாம். உள்ளே போகிற இரண்டு வழியும் அடங்கிவிடும். சத்தம் அடங்கினால் கட்டிக்கு வளர வழியில்லை.

"எல்லாக் கட்டியும் கேக்குமா டாக்டர்?"

"பாதிப் பேருக்கு நல்லாவே கேக்கும். சிலதுக்கு வேற வழி கண்டுபிடிச்சுப் பேசத் தெரியும். பாப்போம்மா."

ஜூன் 14

"மருந்துக்கு முன்னாடி இதயத்துக்கு எக்கோ எடுக்கணும்" என்றார்கள். எக்கோ எங்கள் ஆம்ப்ளிபயரிலேயே இருக்கிறது, குமிழைத் திருப்பினால் சாதாரணப் பேச்சும் மலைப்பிரசங்கம் போலக் கேட்கும் என்று சொன்னேன். படுக்கச் சொன்னார்கள். திரையில் என் இதயம் தெரிந்தது. நன்றாகத்தான் அடித்தது, தாளம் தப்பவில்லை. இவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மிஷினை நிறுத்திய பிறகும் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜூன் 15

முதல் மருந்து. ஐந்து மணி நேரம். பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாளிடம் மைக் கதையைச் சொன்னேன். அவருக்கு ஹார்மோன் வகையாம், தினம் ஒரு மாத்திரை. அதுவும் மைக் மூடுகிற வேலைதான், மைக் வேறு கம்பெனி என்று விளக்கினேன். நர்ஸ் நின்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஜூன் 19

வாந்தி. இரண்டு குழாய் வேலையைத் தள்ளிவைத்தோம்.

ஜூலை 2

முடி கொத்துக் கொத்தாக வந்தது. இவரே கத்தரித்து மழித்துவிட்டார். கை நடுங்காமல் செய்தார், வயர் சீவிப் பழகிய கை. கண்ணாடியில் பார்த்தேன். பஞ்சு உறை கழற்றிய மைக் மாதிரிதான் இருந்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

ஊரில் கேட்டால் வேளாங்கண்ணி வேண்டுதல் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் யாரும் கேட்கவில்லை. ரகசியம் பத்திரமாக இருக்கிறது.

ஜூலை 6

இரண்டாவது மருந்து. தினமும் காலையில் யாரோ வாசலில் இரண்டு இளநீர் வைத்துவிட்டுப் போகிறார்கள். வேறு வீட்டுக்கு வைத்தது தவறி இங்கே வருகிறது போல. விசாரிக்காமல் குடித்துவிடுகிறேன்.

ஜூலை 14

பூசையில் பங்குச்சாமியார் 'பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரிக்காக' மன்றாடச் சொன்னார். யாரோ பாவம் என்று நானும் மன்றாடினேன். முன் வரிசையில் இருந்து எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் முக்காடு கொஞ்சம் பளபளப்பான துணி, அதனாலாக இருக்கும்.

ஒரு மைக்கைக் காணவில்லை. பழைய கறுப்பு மைக். இவரிடம் கேட்டேன். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், வெளியே போய்விட்டார். தினமும் மத்தியானம் மொட்டைமாடிக்குப் போய்விடுகிறார், தண்ணீர்த்தொட்டி கழுவுகிறாராம். இத்தனை நாள் கழுவினால் தொட்டியே கரைந்துபோகும்.

ஜூலை 27

மூன்றாவது மருந்து. டாக்டர் கையால் பார்த்துவிட்டு, "கேக்குதும்மா, கட்டி கேக்குது!" என்றார். மைக் தலை போய் வால்யூம் குமிழ் அளவுக்கு வந்திருக்கிறது.

இன்று ஒரு திருத்தம் எழுத வேண்டும். மே 12-ல் 'போன வாரம்' என்று எழுதியது பொய். சாம்பல் புதன் அன்றே கையில் தட்டுப்பட்டது. தவக்காலம் முடியட்டும், ஈஸ்டர் வேலை முடியட்டும், கல்யாண சீசன் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். பயமில்லை என்று எழுதியதும் பொய். பயம்தான், வேறென்ன? உள்ளே ஒன்று மூன்று மாதம் 'வளரு, வளரு' என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறது. ஊருக்கே சத்தம் வைக்கிற நான் அதைக் கேட்காத மாதிரி இருந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 8

எதிர்வீட்டு ஜெபராணி, "மத்தியானம் உங்க மாடியில யாரோ ஜெபம் பண்ணுத மாதிரி கேக்கே மைனி" என்றாள். புறாவாக இருக்கும் என்றேன்.

ஆகஸ்ட் 17

நான்காவது மருந்து. வாயில் எது போட்டாலும் செம்புக் கம்பி ருசி. மைனி நெத்திலி அவியல் கொண்டுவந்தாள், அதுவும் செம்புக் கம்பி. "நல்லாருக்கா?" என்றாள். "உயிரு மைனி, அவ்வளவு ருசி" என்றேன். சந்தோஷமாகப் போனாள்.

செப்டம்பர் 7

ஐந்தாவது. கட்டி இப்போது மைக் வயர் ஜாக்கின் முனை அளவுதான். தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இருபதாம் தேதி மிக்கேல் அதிதூதர் கோவில் கொடியேற்றம். வருஷத்தில் எங்கள் பெரிய வேலை. குழாய் பதினாறு. குரல்: நான். எழுதி வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 18

காய்ச்சல். ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்துவிட்டது. ஊசி போட்டு அனுப்பினார்கள். கூட்டத்துக்குள் போகக்கூடாது என்று டாக்டர் ஹசீனா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தூத்துக்குடியிலிருந்து ஒரு அறிவிப்பாளரைக் கூப்பிடுங்கள் என்று இவரிடம் சொன்னேன்.

"வே... வே..."

"வேண்டாமா? அப்ப யார் பேசுவா?"

ஏணியை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு வந்த கோபத்தில் காய்ச்சல் ஒரு டிகிரி ஏறியிருக்கும்.

செப்டம்பர் 20

கொடியேற்றம். குழாய் பதினாறு, பாக்ஸ் ஆறு, மைக் நான்கு. குரல்: தொபியாஸ்.

இதை எழுதிவிட்டு இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். ஆமாம், சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு நான் கட்டிலில் கிடந்தேன். எங்கள் தெருமுனைக் கம்பத்திலும் ஒரு குழாய் கட்டியிருந்தார், கோவில் பக்கம் பார்க்காமல் எங்கள் ஜன்னலைப் பார்த்து. அது ஒரு தடவை கரகரத்தது. மைக்கை யாரோ விரலால் தட்டினார்கள். அப்புறம், "ஹ... ஹ..." என்று ஒரு குரல். யார் இது, இப்படித் திணறுகிறாரே என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தியமாக இரண்டு விநாடி எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தக் குரலை நான் குழாய் வழியாகக் கேட்டதே இல்லை.

"ஹலோ. மைக். டெஸ்டிங்."

எழுந்து உட்கார்ந்தேன். பின்னால் டக், டக் என்று சின்னத் தட்டல் கேட்டது. விரலால் எதையோ தட்டி, அந்தத் தாளத்துக்கு ஒவ்வொரு வார்த்தையாக வைக்கிறார், பாட்டுக்கு வைப்பதுபோல. காணாமல்போன மைக் எங்கே போனது, தண்ணீர்த்தொட்டி ஏன் தினமும் கழுவப்பட்டது, ஜெபராணிக்கு என்ன கேட்டது எல்லாம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. வயர் செருகாத மைக்கை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் வெயிலில் நின்று பேசியிருக்கிறார்.

"புன்னைத்துறை. மிக்கேல் அதிதூதர். திருவிழாவுக்கு. வந்திருக்கும். அனைவரையும். வ... வ... வ..."

நின்றுவிட்டது. பதினாறு குழாயிலும் 'வ' நின்றுவிட்டது. கோவில் முன்னால் இரண்டாயிரம் பேராவது இருந்திருப்பார்கள், ஒரு சத்தம் இல்லை. நான் கட்டிலில் இருந்தபடியே விட்டத்தைப் பார்த்து, "வரவேற்கிறோம்! வரவேற்கிறோம்!" என்று கத்தினேன். யாருக்குக் கேட்கும்?

டக். டக். டக்.

"வரவேற்கிறோம்" என்றார் அவர், தானாகவே.

கை தட்டினார்கள் பாருங்கள், கொடி ஏறும்போதுகூட அப்படித் தட்டியிருக்க மாட்டார்கள். நான் வாய்விட்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுதால் மூக்கு அதிகமாக ஒழுகுகிறது, இதை டாக்டரிடம் கேட்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தவரிடம், "நீங்க 'வ'வுல நிக்கும்போது நான் இங்கேருந்து முடிச்சுவச்சேன்" என்று சொன்னேன்.

"கே... கேக்கல" என்றார், சிரித்துக்கொண்டே.

செப்டம்பர் 28

ஆறாவது, கடைசிக் கீமோ. நாளைக்குத் தேர். குரல்: தொபியாஸ்.

அக்டோபர் 16

கட்டி கைக்குத் தட்டுப்படவில்லை. டாக்டருக்கும் தட்டுப்படவில்லை. ஸ்கேனில் ஒரு நிழல் மாதிரி ஏதோ இருக்கிறதாம்.

"அப்ப போயிருச்சா டாக்டர்?"

"அதை இப்பச் சொல்ல முடியாதும்மா. கொஞ்சம் செல் சத்தம் போடாம ஒளிஞ்சிருக்கலாம். ஆபரேஷன்ல அந்த இடத்தை எடுத்து மைக்ராஸ்கோப்ல பாக்கணும். ஒண்ணும் இல்லைன்னு வந்தா ரொம்ப நல்ல அறிகுறி. இதே மருந்தை ஒரு வருஷம் முடிக்கிற வரைக்கும் போட்டுட்டு நிம்மதியா இருக்கலாம். மிச்சம் இருந்தா அது வேற வழியில பேசக் கத்துக்கிட்ட செல். அதுக்கு வேற மருந்து, கொஞ்சம் கடுமையா."

இருக்கிறதா, இல்லையா. இத்தனை மாத அம்புக்குறியும் நம்பர் பிளேட்டும் கடைசியில் இந்த ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது.

அக்டோபர் 25

ஆபரேஷன் முடிந்தது. கட்டி இருந்த இடத்தை மட்டும் எடுத்தார்கள், பரவியிருக்கிறதா என்று பார்க்க அக்குளில் இரண்டு நெறிக்கட்டியும். மயக்கம் தெளிந்ததும் நான் பேசிய முதல் வார்த்தை 'மைக் டெஸ்டிங்' என்று நர்ஸ் சொல்கிறாள். நம்புவதற்கில்லை.

இந்த முறை பிளாக்கை ஆஸ்பத்திரியே எடுத்து லேப்புக்கு அனுப்பிக்கொள்ளும். மீன் வேண்டாம் என்று டாக்டர் ஹசீனா தனியாக ஒரு தடவை சொன்னார்.

அக்டோபர் 30

வீட்டில். வலது கையைத் தூக்கிச் சுவரில் விரலால் ஏறச் சொல்லியிருக்கிறார்கள். ஏறினேன். இன்று காலண்டரில் மாதா முகம் வரைக்கும்.

நவம்பர் 3

வயர் சுற்றினேன். இடது கையால்.

நவம்பர் 6

காலை பத்து மணி இருக்கும். வீட்டு வாசலில் சரிபார்க்கப் போட்ட ஆம்ப்ளிபயர் ஓடிக்கொண்டிருந்தது. மாடிக் குழாயில் இணைப்பு இருந்தது, நாளைக்குப் போகிற செட். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். இவர் போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் அவர் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன், என்னுடையது அடித்தால் எடுக்கப் பயந்துகொண்டு. இதையும் இப்போதுதான் எழுதுகிறேன்.

அவர் "ம்" என்றார். மறுபடியும் "ம்" என்றார். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. அந்த முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, பேச வரும்போது அவர் முகம் எப்போதும் அப்படித்தான்.

"டா... டாக்டர்" என்றார். "கட்டி... இ..."

நின்றுவிட்டது.

"இ... இ... இ..."

இருக்கு என்றாலும் 'இ'தான். இல்ல என்றாலும் 'இ'தான். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் வார்த்தையை முடித்துவைத்திருப்பேன். இந்த ஒரு வார்த்தையை என்னால் முடிக்க முடியவில்லை. வாயைத் திறந்தேன், இரண்டில் எதைச் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டேன். முதல் தடவையாக அவருக்காகக் காத்திருந்தேன். அவர் விரல் தொடையைத் தேடிப் போனது. டக். டக். அவர் கண் என்னைவிட்டு நகரவில்லை. டக்.

"இல்ல" என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"இல்ல. கட்டி இல்ல. அக்குள்லயும் இல்ல. ஒரு செல்லுகூட இல்லியாம்." ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை.

எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை, பக்கத்தில் கிடந்த மைக்கை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன். ஓடிக்கொண்டிருக்கிற செட் என்ற நினைப்பே இல்லை. அவரும் யோசிக்கவில்லை.

"இல்ல!" என்றது மாடிக் குழாய், புன்னைத்துறை முழுக்க. "இல்ல! இல்ல!"

போச்சு, ஆறு மாத ரகசியம், இனி ஊரே வந்து 'எது இல்ல?' என்று கேட்கும், தண்ணீரா கரண்டா என்று ஏதாவது பொய் சொல்ல வேண்டும் என்று நான் அவசரமாக யோசித்தேன். ஆனால் யாரும் கேட்கவில்லை. முதலில் ஜெபராணி வீட்டிலிருந்து ஒரு குலவை. ஏலக்கூடத்துப் பக்கம் விசில். யாரோ தீபாவளி மிச்சச் சரத்தைக் கொளுத்தினார்கள். கோவில் மணியை அடித்தது யார் என்று இன்னும் தெரியவில்லை. மைனி செதிலோடு கத்தியோடு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"இல்லையாம்லா! ஒண்ணுமே இல்லையாம்லா!"

"மைனி, எது இல்லன்னு இவ்வளவு பேருக்கும் எப்படித் தெரியும்?"

அவள் கத்தியைப் பார்த்தாள். "மூணரைக் கிலோ மீனை ஏலத்துல காரணம் கேக்காம சும்மாவா விட்டுக்குடுப்பான்?" என்றாள்.

நாளை: லாசர் வீட்டுச் சடங்கு. குழாய் மூன்று, மைக் இரண்டு. இளநீருக்கு நன்றி சொல்ல வேண்டும், யாருக்கு என்று தெரியாததால் மைக்கிலேயே சொல்லிவிடலாம். குரல்: நாங்கள்.